எலெக்ட்ரிக் ஸ்கூட்டரை குட்டியானையில் ஏற்றுவது எப்படி? தூக்காதீங்க, உருட்டுங்க!

பனவடலிசத்திரத்தில் ஒரு பெட்ரோல் வண்டி நின்றுபோனால் பெரிய கவலை இல்லை. ரோட்டோரத்தில் ஏதாவது ஒரு ஒர்க்‌ஷாப் இருக்கும். பிளக்கைக் கழற்றி ஊதி, கார்புரேட்டரைத் தட்டி, அரை மணி நேரத்தில் கிளப்பி விட்டுடுவாங்க. எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் நின்றால் கதையே வேறு. உள்ளூர் மெக்கானிக் கையை வைக்க மாட்டார். கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு நெல்லைக்குத்தான் போகணும். பஸ்ஸிலேயே ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஓடாத வண்டி அவ்வளவு தூரம் எப்படிப் போகும்? இன்னொரு வண்டியின் முதுகில்தான்.

போன கோடையில் எங்க அப்பாவின் ஸ்கூட்டர் அப்படித்தான் நின்றது. சென்னையில் நான் ஓட்டிக்கொண்டிருந்த வண்டி அது. 'ஒர்க் ஃப்ரம் ஹோம்' முடிந்து, ஆபீஸ் பக்கத்திலேயே ரூம் கிடைத்த பிறகு, அப்பா சங்கரன்கோவில் போய்வர வசதியாக இருக்கும் என்று ஊருக்கு அனுப்பி வைத்தேன். ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. ஒரு நாள் காலையில் டிஸ்ப்ளே வரவில்லை. கஸ்டமர் கேருக்கு போன் போட்டால், "பிக்அப் வண்டி வர ரெண்டு நாள் ஆகும் சார்" என்றார்கள். அப்பாவுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. தெரிந்தவர் மூலம் ஒரு குட்டியானையை வரச் சொல்லிவிட்டார்.

"தூக்கிரலாம்லே, என்ன பெரிய வெயிட்டு" என்று சித்தப்பாதான் முதலில் கை வைத்தார். அப்புறம் பக்கத்து வீட்டு அண்ணன், நான், அப்பா. நாலு பேரும் "ஒண்ணு, ரெண்டு, மூணு" சொல்லித் தூக்கினோம். முன் சக்கரம் ஏறிவிட்டது. பின்பக்கம் ஏறும்போது சித்தப்பா பிடித்திருந்த பிளாஸ்டிக் பேனல் 'டக்' என்று உடைந்தது. மொத்த பாரமும் ஒரு நொடி அவர் இடுப்பில் இறங்கியது. வண்டி எப்படியோ ஏறிவிட்டது. சித்தப்பா மூன்று வாரம் கட்டிலை விட்டு எழவில்லை. மில்லில் வேலை பார்ப்பவர். அந்த மூன்று வாரமும் சம்பளம் இல்லை.

குட்டியானை டிரைவர் அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: "மாடு ஏத்துத மாதிரி ஏத்தணும் தம்பி. மாட்டை எவனாவது தூக்குவானா?"

சந்தையில் பார்த்திருப்பீங்க. மாட்டை யாரும் லாரியில் தூக்கிப் போடுவதில்லை. லாரியை ஒரு மண்மேட்டோரமாகப் பின்னால் எடுத்து நிறுத்துவார்கள். மாடு தன் காலால் நடந்து ஏறும். ஸ்கூட்டருக்கும் கால் இருக்கிறது, ரெண்டு சக்கரம். அதை மறந்துவிட்டுத்தான் நாம் எல்லோரும் குனிந்து தூக்குகிறோம்.

*அப்படி என்ன வெயிட்டு?*

நேர்மையாகச் சொன்னால், பெட்ரோல் ஸ்கூட்டரைவிட ரொம்ப அதிகம் கிடையாது. ஆக்டிவா 6ஜி சுமார் 106 கிலோ. ஏதர் 450எக்ஸ் சுமார் 111, டிவிஎஸ் ஐகியூப் சுமார் 118. இரும்பு பாடியுடன் வரும் பஜாஜ் சேட்டக்கின் சில மாடல்கள் 130-ஐத் தாண்டும். புல்லட் கிளாசிக் 350 இவை எல்லாவற்றையும் விட கனம், 195 கிலோ.

அப்புறம் ஏன் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் மட்டும் இவ்வளவு படுத்துகிறது? எனக்குத் தெரிந்து முக்கியமான காரணம், பிடிக்க இடம் இல்லாததுதான். புல்லட்டில் எங்கே கை வைத்தாலும் இரும்பு தட்டுப்படும். இதில் கை படும் இடமெல்லாம் பிளாஸ்டிக் பேனல். பிடித்துத் தூக்கும் அளவுக்கு உறுதியானது பின்சீட்டுக் கைப்பிடியும், சக்கரமும், முன் ஃபோர்க்கும்தான். போதாக்குறைக்கு பல மாடல்களில் பேட்டரி, கால் வைக்கும் பலகைக்கு அடியில் இருக்கிறது. வண்டி ஓடும்போது இது நல்ல விஷயம். பாரம் தரையோரம் இருப்பதால் வளைவில் சாயாமல் நிற்கும். தூக்கும்போது அதே விஷயம் எதிரியாகிவிடும். ரொம்பவும் குனியணும், கைக்குத் தோதான இடத்தில் பாரம் இருக்காது.

மனிதனின் முதுகுக்கு ஒரு கணக்கு உண்டு. அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியாஷ், எல்லா சூழலும் சாதகமாக இருந்தாலும் ஒருவர் தூக்க 23 கிலோதான் உச்சம் என்று வைத்திருக்கிறது. அதுவும் பாரம் உடம்பை ஒட்டி, இடுப்பு உயரத்தில், இரண்டு கைக்கும் நல்ல பிடியோடு இருந்தால். 120 கிலோவை நாலு பேர் தூக்கினால் தலைக்கு 30. நாலு பேரும் ஒரே நொடியில், ஒரே அளவு தூக்கினால்தான் அந்த 30. ஒருவர் கை நழுவினால் சித்தப்பா கதைதான்.

கழற்ற முடிந்த பேட்டரி என்றால் முதலில் கழற்றி வைத்துவிடுங்க. ஹீரோ விடா வி1 போன்ற மாடல்களில் முடியும். ஏதர் 450எக்ஸ், ஓலா எஸ்1 ப்ரோ, ஐகியூப் மாதிரி பொருத்தப்பட்ட பேட்டரி உள்ள வண்டிகளில் ஸ்பானர் எடுத்து முயற்சி பண்ணவே வேண்டாம். வாரன்டி போகும் என்பது அப்புறம். உள்ளே இருப்பது உயர் கரன்ட்.

*எவ்வளவு நீளப் பலகை?*

மொத்த விஷயமும் இதில்தான் இருக்கிறது. கொஞ்சம் ஸ்கூல் பிசிக்ஸ், பொறுத்துக்கோங்க.

குட்டியானையின் தளம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து அடிப் பலகையைச் சாய்த்தால், ஏறும் உயரம் பலகை நீளத்தில் பாதி. அப்போது 120 கிலோ வண்டியைத் தள்ள, 60 கிலோவைத் தூக்கும் அளவு பலம் வேண்டும். பத்து அடிப் பலகை என்றால் நாலில் ஒரு பங்கு, 30 கிலோ போதும். இரண்டு பேர் பேசிக்கொண்டே தள்ளலாம்.

பலருக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் இருக்கிறது. குட்டைப் பலகையில் தம் கட்டி ஏற்றினாலும், முன் சக்கரம் தளத்தில் ஏறி, பின் சக்கரம் பலகையில் இருக்கும் அந்த நேரத்தில் வண்டியின் வயிறு விளிம்பில் உட்காரும். இரண்டு சக்கரங்களுக்கு இடையே சுமார் 1.3 மீட்டர், தரைக்கும் வயிற்றுக்கும் இடையே சுமார் 16 சென்டிமீட்டர். ஐந்து அடிப் பலகையின் சாய்வு 30 டிகிரி. அந்தச் சாய்வில் நடுவயிறு 17 சென்டிமீட்டர் அளவுக்குக் கீழே வரும். அதாவது இடிக்கும். இடிக்கும் இடத்தில் இருப்பது என்ன? பேட்டரி பெட்டி. வண்டியிலேயே விலை அதிகமான பாகம். பத்து அடிப் பலகையில் சாய்வு 15 டிகிரிக்கும் குறைவு. வயிறு 8 சென்டிமீட்டர்தான் இறங்கும், தாராளமாகத் தாண்டிவிடும். ஆக, பலகை நீளம் என்பது உங்க சௌகரியத்துக்காக மட்டும் இல்லை.

பலகை ஓரடி அகலம், இரண்டு இஞ்ச் கனம் இருக்கட்டும். ஒன்றரை இஞ்ச் பலகை பத்து அடி நீளத்துக்கு வளையும், பயமுறுத்தும். நடுவில் ஹாலோ பிளாக் கல்லை அடுக்கி முட்டுக் கொடுத்தால் இன்னும் நல்லது. பலகையின் மேல்முனையை வண்டியின் கொக்கியோடு கயிறு போட்டுக் கட்டியே ஆகணும். இதை யாரும் செய்வதில்லை. பாதி ஏறும்போது பலகை பின்னால் நழுவுவதுதான் நடக்கும் விபத்துகளில் மோசமானது.

தள்ளுகிறவர் எங்கே நடப்பார் என்பதையும் யோசிங்க. வண்டி மேலே போகப் போக ஹேண்டில் உங்க தலைக்கு மேலே போய்விடும். பக்கத்தில் இன்னொரு பலகை போட்டு அதில் நடக்கலாம். அல்லது ஒருவர் தளத்தின் மேல் நின்று ஹேண்டிலைப் பிடித்து இழுக்க, இன்னொருவர் பின்னாலிருந்து தள்ளலாம். பின்னால் தள்ளுகிறவர் வண்டிக்கு நேர் பின்னே நிற்காமல் சற்றுப் பக்கவாட்டில் நிற்கணும். நழுவினால் விலக இடம் வேண்டும். விழுகிற வண்டியைப் பிடிக்கப் பாயாதீங்க. பேனல் உடைந்தால் மாற்றலாம்.

பலகையே இல்லையா? அண்ணாச்சி சொன்ன மண்மேடுதான். வாய்க்கால் கரை, ரைஸ் மில் லோடிங் திண்ணை, ரோட்டை விடத் தாழ்ந்து கிடக்கும் காலி இடம், எது கிடைத்தாலும் குட்டியானையைத் தாழ்வான பக்கம் நிறுத்தி, தளத்தையும் மேட்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் ஒரு முழப் பலகை போதும். எங்க ஊர்ப் பக்கம் இதற்கெல்லாம் பஞ்சமே இல்லை. அன்றைக்கு எங்க வீட்டிலிருந்து நூறடி தூரத்தில் ஒரு களத்து மேடு இருந்தது. யாருக்கும் தோன்றவில்லை.

*மோட்டாரே ஏற்றிவிடாதா?*

வண்டியில் உயிர் இருந்தால் ஏற்றும். ஐகியூப் உட்பட சில வண்டிகளில் நடை வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தும் பார்க்கிங் மோடு இருக்கிறது. வீடு மாற்றும்போதும் ஊருக்கு அனுப்பும்போதும் இது பெரிய உதவி. ஆனால் வண்டி மேல் உட்கார்ந்து ஏற்றக்கூடாது. பக்கத்தில் நடந்துகொண்டே, ஒரு கை பிரேக்கில் இருக்கணும். பெரும்பாலான வண்டிகளில் சைடு ஸ்டாண்ட் இறங்கியிருந்தால் மோட்டார் வேலை செய்யாது. ஏறும் முன் அதைப் பாருங்க. பின் சக்கரம் தானே சுற்றும்போது பலகையைப் பின்னால் உதைக்கும் என்பதால், கயிறு கட்டுவது இங்கே இன்னும் அவசியம்.

சாதாரண மோடில், த்ராட்டிலைத் திருகி ஏற்றுவதைப் பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். எலெக்ட்ரிக் மோட்டாருக்கு முதல் நொடியிலேயே முழு இழுவையும் உண்டு. வண்டி கேபினில் போய் முட்டிய பிறகுதான் நமக்குத் தெரியும்.

வண்டி முழுசாகச் செத்துப்போயிருந்தால், முதலில் ஹேண்டில் லாக்கைப் பாருங்க. சில மாடல்களில் லாக்கே எலெக்ட்ரானிக்; அது திறக்காவிட்டால் நேராக உருட்ட முடியாது. முன் சக்கரத்துக்கு அடியில் ஒரு சின்ன டிராலியோ, வழவழப்பான தகரமோ வைத்துத்தான் நகர்த்தணும். செத்த வண்டியைக் கயிறு கட்டி இன்னொரு பைக்கால் இழுத்துப் போகலாமே என்று பலரும் கேட்கிறார்கள். சக்கரம் சுற்றினால் காந்த மோட்டாரும் சுற்றும், சுற்றினால் அதுவே டைனமோ மாதிரி கரன்ட் தயாரிக்கும். கோளாறான எலெக்ட்ரானிக்ஸுக்குள் அந்தக் கரன்ட் என்ன செய்யும் என்பதை நெல்லை போய்ச் சேர்ந்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டியிருக்கும்.

*ஏற்றியாச்சு, கட்டுவது?*

முன் சக்கரம் கேபின் சுவரில் முட்டி நிற்கட்டும், நடுவில் ஒரு பழைய டயர். சென்டர் ஸ்டாண்ட் போட வேண்டாம். குண்டும் குழியுமான ரோட்டில் ஸ்டாண்டின் ஒற்றைப் புள்ளியில் எல்லா அதிர்ச்சியும் இறங்கும். இரண்டு சக்கரமும் தரையில் இருக்க, முன் ஃபோர்க்கில் இடமும் வலமுமாக இரண்டு பெல்ட், பின் கைப்பிடியில் இரண்டு. முன் பெல்ட்டை இறுக்கும்போது சஸ்பென்ஷன் பாதி அமுங்கணும். முழுசாக அமுக்கினால் சீல் போகும். லாரிக்காரர்கள் வைத்திருக்கும் ராட்செட் பெல்ட் இருந்தால் அற்புதம். நைலான் கயிறு வெயிலில் தளரும், வழியில் ஒரு டீக்கு நிறுத்தி மறுபடி இறுக்கிக்கோங்க. கயிறு பிளாஸ்டிக்கில் உரசும் இடத்தில் கோணிச் சாக்கு.

சார்ஜ் எவ்வளவு இருக்கணும்? விமானத்தில் தனியாக அனுப்பும் லித்தியம் அயன் பேட்டரிகளுக்கு 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் கூடாது என்று 2016 முதலே விதி. குட்டியானைக்கு அப்படி விதி எதுவும் இல்லை. ஆனாலும் முழு சார்ஜில் அனுப்புவதைவிட பாதி சார்ஜ் நல்லது. மே மாத வெயிலில் தார்ப்பாய் போட்டு இறுக்கி மூடினால் உள்ளே அடுப்புதான். காற்று போக வழி விடுங்க.

*கார் ரேக்கில், மோட்டார்ஹோமில் ஏற்றலாமா?*

ஸ்கூட்டர் என்றால் பேச்சே இல்லை. ரேக்குகள் சைக்கிளுக்கானவை. எலெக்ட்ரிக் சைக்கிள் வைத்திருப்பவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி, அவர்களும் கொஞ்சம் நிதானிக்கணும். சாதாரண சைக்கிள் 12 முதல் 15 கிலோ. எலெக்ட்ரிக் என்றால் 20-லிருந்து 28 வரை. கார் டிக்கியில் பெல்ட் போட்டு மாட்டும் மலிவான ரேக்குகள் பலவற்றில் ஒரு சைக்கிளுக்கு 15 கிலோதான் அனுமதி. மூன்று சைக்கிள் தாங்கும் ரேக்கில் ஒன்றுதானே ஏற்றுகிறேன் என்று நினைக்காதீங்க. ஒவ்வொரு கொக்கிக்கும் தனி வரம்பு.

நம்ம ஊரில் ஒரு குழப்பமும் உண்டு. லைசென்ஸ், பதிவு எதுவும் தேவைப்படாத மெதுவான மின்வண்டிகள் எல்லாமே லேசானவை என்று நினைக்கிறார்கள். மத்திய மோட்டார் வாகன விதியில் மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குள் என்பதோடு, பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோ வரை போகலாம் என்றும் இருக்கிறது. லைசென்ஸ் வேண்டாம் என்பதால் ரேக்கில் மாட்டலாம் என்று ஆகிவிடாது.

மோட்டார்ஹோம், அதாவது படுக்கை, சமையலறையோடு ஓடும் வீட்டு வண்டி, நம்மிடம் இன்னும் அபூர்வம்தான். பக்கத்துக் கேரளா 2021-ல் 'கேரவன் கேரளா' என்று ஒரு சுற்றுலாக் கொள்கையே கொண்டுவந்தது. சத்திரத்தை ஊர்ப் பெயரிலேயே வைத்திருக்கும் எங்களுக்கு, சத்திரத்தைக் கூடவே ஓட்டிக்கொண்டு போவது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் ஜெர்மனி, இங்கிலாந்து, கனடாவில் இருக்கும் நம்ம பசங்க லீவுக்கு இதை வாடகைக்கு எடுப்பது சகஜமாகிவிட்டது. பின்னால் ரேக், ரேக்கில் இரண்டு எலெக்ட்ரிக் சைக்கிள்.

அங்கே பின்சுவரில் பொருத்தும் ரேக்குகளில் பரவலாகக் காணப்படும் வரம்பு மொத்தம் 60 கிலோ. இரண்டு சைக்கிள், தலா 25 என்றால் 50, சரியாகத்தான் இருக்கும் போலத் தோன்றும். ஆனால் ரேக் இருப்பது பின் அச்சுக்கு வெகு பின்னால். சின்ன வயதில் ஏறி விளையாடிய சீ-சாவை நினைச்சுக்கோங்க. இரண்டு அச்சுக்கும் இடையே 4 மீட்டர், பின் அச்சிலிருந்து 2 மீட்டர் பின்னால் ரேக் என்றால், 50 கிலோ ஏற்றும்போது பின் அச்சில் 75 கிலோ ஏறும், முன் அச்சில் 25 கிலோ குறையும். முன்சக்கர இழுவை கொண்ட வண்டியில் ஈரச் சாலையில் அது ஸ்டியரிங்கில் தெரியும். ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸுக்கான 3,500 கிலோ வரம்பில் பெட்டி, தண்ணீர், ஆட்கள், சைக்கிள் எல்லாமே சேர்த்தி.

அங்கே ஏற்றும் முறையும் மாடு ஏற்றுகிற முறைதான். முதலில் பேட்டரியைக் கழற்றி வண்டிக்குள் வையுங்க; இரண்டரை முதல் நாலு கிலோ வரை உடனே குறையும், மழையில் நனையாது, திருடவும் முடியாது. பல ரேக்குகளுக்கு மடக்கும் சாய்வுத் தடம் தனியாகக் கிடைக்கிறது, அதை வாங்குவது வீண் செலவில்லை. சைக்கிளின் நடை மோடில் மணிக்கு 6 கிலோமீட்டர் வரை அதுவே உருண்டு ஏறும். பேட்டரியைக் கழற்றுமுன் இந்த மோடைப் பயன்படுத்தி ஏற்றிவிட்டு, அப்புறம் கழற்றுவது புத்திசாலித்தனம். தூக்கியே ஆகணும் என்றால் முன் சக்கரத்தை முதலில் தடத்தில் வைத்து, பிறகு பின்பக்கத்தை மட்டும் தூக்குங்க. அப்போது பாதி எடைதான் கையில். கனமான சைக்கிள் வண்டிச் சுவரை ஒட்டி, லேசானது வெளியே.

*விழுந்துவிட்டால்?*

ஸ்கூட்டரோ சைக்கிளோ, பேட்டரிப் பக்கம் பலமாக அடிபட்டால் அன்றைக்கே சார்ஜ் போட்டுப் பார்க்காதீங்க. வீட்டுக்குள்ளும் கொண்டுபோக வேண்டாம். திறந்த வெளியில், வைக்கோல் படப்பு, விறகு எதுவும் அருகில் இல்லாமல் நிறுத்துங்க. சூடு, உப்பல், ஸ்வீட்டான கெமிக்கல் வாடை, 'உஸ்' சத்தம், புகை, இதில் எது இருந்தாலும் தள்ளி நின்று 101-க்கோ 112-க்கோ போன் பண்ணுங்க. வெளியே கீறல்கூட இல்லாமல் உள்ளே செல் நசுங்கியிருக்கலாம். மணிக்கணக்கில் கழித்துத் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு.

இறக்குவது பற்றி யாரும் கேட்பதே இல்லை. ஏற்றுவதைவிட அதுதான் ஆபத்து, ஏனென்றால் அப்போது எல்லோருக்கும் அவசரம். வண்டியின் பின்பக்கம் முதலில் வரும்படி, பின்னோக்கி இறக்குங்க. ஒருவர் மேலே நின்று ஹேண்டிலையும் பிரேக்கையும் பிடிக்கணும். முன் பிரேக் மட்டும் பிடித்தால் சறுக்கலாம், இரண்டையும் விட்டு விட்டுப் பிடிங்க. கீழே நிற்பவர் பக்கவாட்டில்.

நெல்லை சர்வீஸ் சென்டரில் அன்றைக்கு அண்ணாச்சிதான் இதைச் சொல்லிக்கொடுத்து இறக்க வைத்தார். பக்கத்துக் கட்டட வேலையிலிருந்து ஒரு சாரப் பலகையை இரவல் வாங்கி, இரண்டே பேர், ஐந்து நிமிஷம். வண்டியில் என்ன கோளாறு என்று பார்த்தால், சின்னத் துணை பேட்டரி ஒன்று செத்திருக்கிறது. வேலை முடிய அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

திரும்பி வந்ததும் அப்பா மரக்கடைக்குப் போய் பத்தடியில் இரண்டு பலகை அறுத்து வாங்கிவந்தார். தொழுவத்துச் சுவரில் சாய்த்து வைத்திருக்கிறார். சித்தப்பா இன்னும் குனிந்தால் ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டுதான் நிமிர்கிறார். போன மாதம் தெருவில் ஒருத்தர் பிரிட்ஜ் இறக்கப் பலகை கேட்டு வந்தபோது, "கயித்தையும் சேத்துக் கொண்டு போவே" என்று சொன்னது அவர்தான்.